ஒட்டாதீர்கள், தொங்கவிடுங்கள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். உங்கள் பத்மினிக்கு ரூஃப் லைனிங், அதாவது கூரையின் உட்புறத் துணி, மாற்றப் போகும்போது, “ஃபோம் துணி ஒட்டிக் குடுத்துடறோம் சார், புது வண்டி மாதிரி இருக்கும், சாயங்காலமே எடுத்துக்கலாம்” என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நான் வரவில்லை. பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்தது 1978 பிரீமியர் பத்மினி. 2019-ல் அதன் வெள்ளை ரெக்ஸின் கூரை பின்கண்ணாடி ஓரமாகக் கிழிந்தது. ஒரு கடையில் விட்டேன். கடைப் பெயர் வேண்டாம், வேறு எங்கே போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். பழையதைப் பிய்த்தார்கள், உள்ளே இருந்த கம்பிகளைக் கழற்றினார்கள், தகரத்தில் நேராகச் சொல்யூஷன் தடவித் துணியை ஒட்டினார்கள். பளிச்சென்று இருந்தது. இரண்டாவது கோடையில் நடுவில் பை மாதிரி இறங்கியது. அதற்கடுத்த வருடம் பின் சீட்டில் உட்கார்ந்த அத்தைக்கு முக்காடு போட்டுவிட்டது. இறங்கும்போது அவர் தலையெல்லாம் மஞ்சள் பொடி.

அந்தப் பொடிதான் விஷயமே. துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஃபோம், வெயிலிலும் ஈரக்காற்றிலும் நாளடைவில் உதிர்ந்து மாவாகிவிடும். பசை தகரத்தை விடாது. ஆனால் பசைக்கும் துணிக்கும் நடுவில் இருந்த ஃபோம் போய்விட்டால் துணி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மறுபடி ஒட்டினாலும் மாவின் மேல்தான் ஒட்ட வேண்டும். இன்றைய கார்களில் வடிவமாக அச்சிட்ட ஒரு அட்டையில் துணியை ஒட்டி, அந்த அட்டையை மாட்டுகிறார்கள். அது வேறு கதை. மே மாத மதியத்தில் கை வைக்க முடியாத தகரத்தில் நேராக ஒட்டுவது யாருடைய யோசனையோ.

பழைய கார்களின் கூரையை யாரும் ஒட்டவில்லை, தொங்கவிட்டார்கள். பாவாடைக்கு நாடா கோர்க்க ஒரு மடிப்பு தைப்போமே, அதுபோல ரெக்ஸினின் மேல்புறம் குறுக்காக வரிசையாக மடிப்புகள். ஒவ்வொன்றிலும் வில்லாக வளைந்த ஒரு கம்பி. கம்பியின் இரு முனைகளும் கதவுக்கு மேலே ஓடும் சட்டத்தில் உள்ள துளைகளில் உட்காரும். பசை ஓரங்களில் மட்டும். துணிக்கும் தகரத்துக்கும் இடையே காற்று நிற்பதால் தகரத்தின் சூடு நேராகத் துணிக்கு வராது. 41 வருடம் நின்றது என்றால் சும்மாவா?

போன மாதம் நானே இறங்கினேன். நல்லவேளை, 2019-ல் கம்பிகளைப் பழைய ரெக்ஸினோடு சுருட்டிக் கொடுத்திருந்தார்கள், பரணில் இருந்தது. ஆனால் எந்தக் கம்பி எங்கே என்று யாரும் எண் போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு, நீளம் வேறு. மாட்டிப் பார்த்து, கழற்றி, மாற்றி மாட்டி, ஒரு முழு ஞாயிறு அதிலேயே போனது. நீங்கள் கழற்றினால் முன்னாலிருந்து வரிசையாக எண் எழுதுங்கள், இடம் வலமும் குறித்துவிடுங்கள்.

தைக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. குஷன் கடைகளில் “இதெல்லாம் இப்ப யாரு சார் பண்றா” என்றார்கள். கடைசியில் எங்கள் தெருவில் ஸ்கூல் பை தைக்கும் அண்ணன்தான் தைத்தார். பழையதைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதை வைத்தே வெட்டினோம். ஓரங்களில் மூன்று அங்குலம் தாராளமாக விட்டோம். மடிப்புக்கும் மடிப்புக்கும் உள்ள இடைவெளியில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. அரை அங்குலம் பிசகினால் கம்பி சாய்ந்து நிற்கும்.

முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளியே வந்தாக வேண்டும், ஏனென்றால் துணியின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது. கண்ணாடியைக் கழற்றாமல் ரப்பர் இடுக்கில் துணியைச் செருகித் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். கண்ணாடி போனதும் சட்டத்தின் துருவெல்லாம் கண்ணில் படும். தேய்த்து, மறுபடி துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்க இதைவிட நல்ல சமயம் வராது. திரும்ப மாட்டும்போது ரப்பரின் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, ரப்பர் உதடு சட்டத்தின் மேல் தானாக ஏறும். பார்க்க அவ்வளவு சுகமான வேலை!

ரெக்ஸினை மாட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வைத்தேன், இளகிக் கொடுக்கும். முன்னும் பின்னும் நடுக்கோட்டில் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, அப்புறம்தான் பக்கவாட்டு. இங்கேதான் நான் சறுக்கினேன். கம்பி முனைகளில் அந்த மடிப்பை அரை அங்குலம் அரை அங்குலமாக வெட்டிவிட்டால்தான் துணி சுருக்கமில்லாமல் ஓரத்தில் படியும். அவசரப்பட்டு ஓரிடத்தில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டேன். டிரைவர் தலைக்கு மேலே துணி கம்பியை விட்டுத் தளர்ந்து நிற்கிறது. பக்கத்தில் உட்காருபவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெள்ளை ரெக்ஸின்தான் போட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சிகள் ஓய்வு பெற்றனவே, அவற்றின் உட்கூரையில் எத்தனை பூ, எத்தனை கொடி! யாரும் ‘ஒரிஜினல் இல்லை’ என்று அழவில்லை. நிறம் உங்கள் இஷ்டம். கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. உள்விளக்குக்கான ஓட்டையை மட்டும் இன்னும் வெட்டவில்லை. ஒயர் இருக்கும் இடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. பிளேடு கையில் இருக்கிறது. தைத்த அண்ணன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.