நூறு வெள்ளி

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் எனக்கு ஒரு சந்தேகம். மத்தேயு 18-இல் ஓர் ஊழியக்காரன் தன் உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். எதற்கு? நூறு வெள்ளிப்பணக் கடனுக்கு. மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு வெள்ளி என்றால் ரிங்கிட்தானே! நூறு ரிங்கிட்டுக்குக் கழுத்தைப் பிடிப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். “ஏன் பிடிக்க மாட்டாங்க?” என்றார், ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே.

2020-இல் அந்தக் கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. கூட்டுப் பணம். ஆளுக்கு மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுக்கும் சீட்டு. 1971-லேயே சட்டம் போட்டுத் தடைசெய்த விஷயம்தான், ஆனால் சுங்கை சிப்புட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. என் முறை எட்டாவது. நடத்தியவர் எங்கள் சபை அக்கா, என் மகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர். ஐந்து மாதம் கட்டி முடித்த நேரத்தில், மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் அக்கா போனை எடுக்கவில்லை. ஜூனில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். போய்ப் பார்த்தால் வீட்டில் பூட்டு.

என் 1,000 வெள்ளியை 555 என்ற சின்னக் கணக்கு நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து வைத்தேன். போலீசுக்குப் போக முடியாது. கூட்டு என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் ஆறுதல் சொல்ல வந்தார்கள். “மன்னிச்சு விட்டுடுங்க, பணம்தானே.” பணம் போகாதவர்களுக்கு மன்னிப்பு ரொம்பச் சுலபமாக வருகிறது. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஊரடங்கில் வீட்டில் சும்மா இருந்தபோதுதான் அந்த உவமையைத் திரும்ப வாசித்தேன். அந்தக் காலத்து வெள்ளிப்பணம் ஒன்று ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு என்றால் நூறு நாள் பால்வெட்டு! எத்தனை பிரசங்கத்தில் அதை அற்பக் கடன் என்று கேட்டிருக்கிறேன். அதே ஊழியக்காரனுக்கு ராஜா மன்னித்துவிட்ட பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் வைத்தால் அற்பம்தான். ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம் என்றால் மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. ஆனால் இயேசு அந்த நூறை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லையே. கதையே ராஜா கணக்குப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. எவ்வளவு போனது என்று தெரிந்தவன்தான் விட்டுக்கொடுக்க முடியும். கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் நம் வேதாகமம் கடன், கடனாளி என்றுதான் சொல்கிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நோட்டில் எழுதி வைத்தது பாவமில்லை.

அம்மா அந்த நாட்களில் கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றிய புலம்பல் 3-இன் வரியை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார்: “அவைகள் காலைதோறும் புதியவைகள்.” தோட்டத்தில் இருந்த காலத்தில் நெற்றி விளக்கோடு இருட்டில் மரத்துக்குப் போகும்போது சொல்லிப் பழகியதாம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் விடியுமுன்னே வெட்ட வேண்டும். எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுந்த வார்த்தை அது. அதை எழுதியவருக்கும் ஊர் திரும்ப எழும்புமா என்று தெரிந்திருக்காது. 2021 ஜூலையில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டு வாசலில், சாப்பாட்டுக்கு உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக, வெள்ளைக்கொடி தொங்கியது. சாயங்காலத்துக்குள் அங்கே அரிசியும் சார்டின் டின்னும் குவிந்துவிட்டன. கூட்டில் என்னைப் போலவே பணத்தை விட்டவர்களும் கொண்டுபோய் வைத்தார்கள்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் “எங்கள் கடனாளிகளுக்கு” என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. பின் பெஞ்சிலிருந்து தெரிந்த குரல் ஒன்று அந்த வரியைச் சொன்னது. அக்காதான். பாதியாக இளைத்திருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய வேன் ஓடாமல் நின்றதும் வீட்டுக்காரருக்கு வருமானமே இல்லாமல் போனதாம். முதலில் கூட்டு எடுத்தவர்களும் கட்டாமல் கைவிரித்துவிட்டார்கள். கெட்ட பெயர் மட்டும் இவருக்கு. “தங்கச்சி, மாசம் 50 வெள்ளியா கொடுத்துடறேன்” என்றார். நான் கோபமாகத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பசியாறினீங்களாக்கா?” என்றுதான் வந்தது.

நேற்று ராத்திரி அந்த 555-ஐ எடுத்து 1,000-த்தை அடித்தேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடித்த கோட்டுக்குக் கீழே எண் இன்னும் தெரிகிறது. அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.