அது அமரர் ஊர்தி இல்லை, என் கார்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாகப் பேசாமல் இருந்தேன். அங்கே இருந்த இரண்டு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டு, "சும்மா கிண்டல்தானே, விடு" என்று சமாதானம் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஸ்டேஷன் வேகன் அமரர் ஊர்தி மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். கூரை நீளமாம், பின்பக்கம் பெட்டியாம். நீளம்தான், யார் இல்லை என்றது? தெருவில் நின்று பார்ப்பவருக்காகவா கூரையை அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறார்கள்? உள்ளே உட்கார்கிறவர்களுக்காக ஐயா.

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரே ரயில் நிலையத்தில் இறங்கும் ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிப் போனதால் வந்தது. ஆரம்ப கால வேகன்களுக்குப் பின்பாதி மரத்தில்தான். உழைக்கப் பிறந்த வண்டி. அதற்காக அழகில்லை என்று நான் ஒப்புக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்கண்ணாடியில் ஏறும் கோடு டிக்கிக் கதவு வரை எங்கும் உடையாமல் போகும். 1994ல் ஆடி, ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் போர்ஷேயுடன் சேர்ந்து ஆர்எஸ்2 என்று ஒரு வேகனைச் செய்தது. அதே வருடம் வோல்வோ தன் 850 எஸ்டேட் வேகனைப் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கியது. பந்தயத் தடத்தில் அமரர் ஊர்தி!

"எஸ்யூவி வாங்கியிருக்கலாமே?" வாங்கியிருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, சேற்றையே பார்க்காமல் ஆயுள் முழுக்கத் தார்ச்சாலையில் ஓட்டியிருக்கலாம். வண்டி உயர உயர வளைவில் அதிகம் சாயும். என் சின்னவளுக்கு வளைவு என்றாலே குமட்டல். இந்த வண்டியில் கதவுத் திண்டில் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். எனக்கு அது போதும்.

"கூபே கார் மாதிரி கூரை பின்னால் சரிந்தால்தான் ஸ்டைல்" என்பவர்கள் ஒரு தரம் தங்கள் வண்டியின் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு வரட்டும். தலை கூரையில் இடித்ததும் பேசலாம்.

டிக்கிக்கும் கேபினுக்கும் தடுப்பு இல்லாததால் பின்னாலிருந்து சாலைச் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும். வரட்டும், பாட்டை வைத்துக்கொள்கிறேன். பின்கண்ணாடி சீக்கிரம் அழுக்காகும். அதற்கு வைப்பர் இருக்கிறது. அடுத்து?

சீட் தாழ்வு என்பது ஒன்றுதான் நியாயமான குறை. அப்பாவுக்கு எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன். ஆனால் அவருடைய சக்கர நாற்காலியை யார் ஏற்றுவது? டிக்கியின் வாசல் என் முழங்காலுக்குச் சற்று மேலே. நாற்காலியை மடித்து, இரண்டு சக்கரத்தை விளிம்பில் சாய்த்து ஒரு தள்ளு, உள்ளே போய்விடும். முன்பிருந்த உயரமான வண்டியில் தினமும் இடுப்புக்கு மேலே தூக்கி என் முதுகு போனதுதான் மிச்சம். பின்னால் கனம் ஏறினால் வண்டி பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கும், அதில் உட்கார்ந்து போவது தண்டனை. 1977ல் அறிமுகமான பென்ஸ் வேகனிலேயே அந்த மட்டத்தைத் தானாகச் சரிசெய்யும் சஸ்பென்ஷன் இருந்தது. வேகனைச் செய்கிறவன் பின்னால் இருப்பவரை நினைத்துச் செய்கிறான். கிண்டல் செய்கிறவருக்குத்தான் பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஆமாம், பார்க்கத் தோன்றவில்லை. "ஓவராக எடுத்துக்கொள்கிறாய்" என்று சொன்னவர்களுக்கு: அந்த மனிதர் அமரர் ஊர்தி என்று சொன்னபோது பின்சீட்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா ஒரு காலை வெளியே வைத்து, என் கையைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் பிடி மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. என் கார் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை.

வாங்கிய நாளிலிருந்து அப்பாவுக்குப் பின்சீட்டின் இடது ஓரம்தான். காலை நீட்டிக்கொள்ளலாம், ஜன்னலும் பெரிது என்பார். இன்று காலை டாக்டரிடம் கிளம்பும்போது பின்சீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் அங்கே வரவில்லை.

"இன்னைக்கு முன்னாடியே உக்காந்துக்கறேன்ப்பா" என்றார்.