ஜட்ஜுக்கே டிரெயினிங்கா?

குடும்ப வன்முறை கேஸ் பாக்குற ஜட்ஜுங்களுக்கு பயிற்சி வேணும்னு நான் சொன்னா, ஜட்ஜுக்கே டிரெயினிங்கான்னு எங்க சித்தப்பா சிரிக்கிறாரு. ரிட்டயர்டு விஏஓ, கோர்ட்டு கச்சேரி எல்லாம் பாத்தவரு. சிரிக்கட்டும். இத முதல்ல சொன்னது நான் இல்ல, சட்டமேதான். 2005ல போட்டு 2006 அக்டோபர்ல அமலுக்கு வந்த குடும்ப வன்முறை சட்டத்துல 11வது பிரிவ எடுத்து படிங்க, போலீசுக்கும் நீதித்துறைல இருக்கவங்களுக்கும் இந்த விஷயத்துல அப்பப்போ பயிற்சி குடுக்கறது மத்திய மாநில அரசோட கடமைன்னு போட்டிருக்கு. அப்பப்போன்னா வேலைல சேர்ந்த புதுசுல ஒரு மத்தியானம் ஏசி ஹால்ல உக்காந்துட்டு டீ குடிச்சிட்டு வர்றது இல்லீங்க.

நான் வக்கீல் இல்ல. மகளிர் குழுல இருக்கேன், பொம்பளைங்க டிவி கேஸ்க்கு போறப்ப (டிவின்னா டிவி பொட்டி இல்ல, டொமஸ்டிக் வயலன்ஸ்) துணைக்கு போவேன். தர்மபுரி பக்கமும் போயிருக்கேன் கிருஷ்ணகிரி பக்கமும் போயிருக்கேன். வராண்டால உக்காந்து உக்காந்து எனக்கு புரிஞ்சது, மேஜிஸ்ட்ரேட்டுங்களுக்கு சட்டம் நல்லாவே தெரியுது, வீட்டுக்குள்ள இது எப்படி நடக்கும்னுதான் தெரியல.

அவங்க மேல மட்டும் தப்பு சொல்ல மாட்டேன். காலைல இருந்து அவங்க பாக்குறது திருட்டு, அடிதடி, குடிச்சிட்டு வண்டி ஓட்டுனது, செக் பவுன்ஸ், ரிமாண்ட். எல்லாத்துலயும் ஒரு தேதி, ஒரு நேரம், ஒரு காயம், ரெண்டு சாட்சி இருக்கும். அதே பழக்கத்துல இந்த மனுவையும் எடுத்துக்கிட்டு "எந்த தேதில அடிச்சாரு, சொல்லும்மா"ன்னு கேட்டா அவ என்னத்த சொல்லுவா? வருசக்கணக்கா நடக்குது. "மாங்கா சீசன்லங்கய்யா, மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடி, ரேசன்ல பருப்பு போட்டாங்களே அன்னிக்கு"ம்பா. மனுல குமாஸ்தா ஏதோ ஒரு தேதிய டைப் அடிச்சிருப்பாரு, குறுக்கு விசாரணைல இவ வேற மாதிரி சொல்லுவா, உடனே எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு முரண்பாடு முரண்பாடுன்னு குதிப்பாரு. அடி வாங்கினவளுக்கு நாள் கிழமை குழம்பும், சின்ன விஷயம் ஒண்ணு அப்படியே பசுமையா நிக்கும், பெரிய விஷயம் மறந்துரும். இது பொய் சொல்றதோட அடையாளம் இல்லன்னு யாராவது ஜட்ஜுக்கு சொல்லித்தரணுமா வேண்டாமா?

சட்டத்தோட 3வது பிரிவு அடிக்கறத மட்டும் வன்முறைன்னு சொல்லல. பாலியல் கொடுமை, பேச்சால மனசால பண்றது, காசு விஷயத்துல பண்றது எல்லாமே வரும். எங்க பக்கம் அதிகமா பாக்குறது அந்த கடைசி ரகம்தான். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட்டு போற பொண்ணு, சம்பளம் வர்ற ஏடிஎம் கார்டு மாமியார் கைல. குழு லோன் இவ பேர்ல, பணம் புருசன் எடுத்துக்குவான், தவணை கட்ட இவ அலையணும். நகை அடகுல. போன் பூட்ட அவன் விரலும் திறக்கும். அம்மா ஊட்டுக்கு போகணும்னா கெஞ்சணும். இதுக்கெல்லாம் ஜிஎச்ல ஏஆர் காப்பி (காயத்த பதிஞ்சு தர்ற சீட்டு) தர மாட்டாங்களே, காயம் எங்கன்னு கேட்டா எத காட்டுவா?

இங்கிலாந்துல 2015லயே இப்படி தொடர்ந்து ஒருத்தர அடக்கி ஆள்றதையே தனி குற்றமாக்கி அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் போட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்லயே ஒரு குடும்ப கோர்ட்டு ஜட்ஜு, புகார் சொன்ன அந்தம்மா உடம்பால தடுக்கலையே அப்புறம் அது எப்படி பலாத்காரம்ங்கற மாதிரி தீர்ப்பு எழுதி, 2020ல அங்கத்த ஐகோர்ட்டு அத தூக்கி போட்டுட்டு ஜட்ஜுகளுக்கு பயிற்சி வேணும்னு சொல்லுச்சு. நம்ம நாட்டுலயும் நடந்துச்சே, மத்தியப்பிரதேசத்துல பொண்ணுகிட்ட தப்பா நடந்தவனுக்கு ஜாமீன் குடுக்க அவ கையால அவன் ராக்கி கட்டிக்கணும்னு நிபந்தனை போட்டாங்க. 2021 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு அத ரத்து பண்ணி, புதுசா வர்ற ஒவ்வொரு ஜட்ஜுக்கும் அடிப்படை பயிற்சிலயே இது பாடமா இருக்கணும்னு சொல்லுச்சு. இப்ப சித்தப்பா சிரிக்கட்டும்.

எனக்கு ரொம்ப எரியறது ஜட்ஜு சொல்ற "அனுசரிச்சு போங்களேன்மா, கொழந்தைங்க இருக்கு"ங்கறது. அவன் அயர்ன் பண்ண சட்டைல, கையக் கட்டி, ஐயா ஐயான்னு பவ்யமா நிப்பான். இவ ராத்திரி தூங்காம, அஞ்செட்டி பக்கத்துல இருந்து பஸ் மாறி மாறி வந்து, கேட்டதும் கத்திருவா. பாக்குறவங்களுக்கு யாரு நல்லவங்களா தெரியும்? கவுன்சிலிங் அனுப்பறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு, ஆனா 2006 விதிகள்ல 14வது விதி, நான் ஏன் அடிச்சேன்னு அவன் அங்க நியாயம் பேசவே கூடாது, அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிரணும்னு சொல்லுது. நான் பாத்த வரைக்கும் அவன் நியாயம் பேசறதுலதான் பாதி நேரம் போகுது. அவ வீட்ட விட்டு வெளிய வந்த சமயம்தான் உயிருக்கே ஆபத்தான சமயம், அந்த நேரத்துல திரும்ப அனுப்பி வெக்கிறது சமாதானம் இல்ல.

மூணு நாளைக்குள்ள முதல் விசாரணை, அறுபது நாளைக்குள்ள முடிக்க பாக்கணும்னு 12வது பிரிவு. இருக்கு, பேப்பர்ல. வாய்தா வாய்தான்னு போறதுக்கு ஆள் பத்தாக்குறையும் காரணம், அதுக்கு டிரெயினிங் மருந்தாகாது, ஒத்துக்கறேன். ஆனா எதிர்த்தரப்பு வராட்டியும் அவளோட பிரமாணப் பத்திரத்த வெச்சே இடைக்கால உத்தரவு போடலாம்னு 23வது பிரிவு இருக்கே, அத எடுக்க தயங்கறது ஆள் பத்தாமயா?

பொய் கேஸ் பத்தி கேப்பீங்க. பொய் கேஸும் வரும். வீட்டுக்குள்ள நடக்கறது எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஜட்ஜுதான் அதையும் சீக்கிரம் கண்டுபிடிப்பாரு.

பயிற்சின்னா பெரிய ஆளுங்கள கூப்ட்டு தீர்ப்பு வாசிக்கறது வேண்டாம், அத அவங்களே படிச்சுக்குவாங்க. மாவட்ட சமூகநலத்துறைல பாதுகாப்பு அலுவலரா இருக்கவங்கள பேச சொல்லுங்க, ஜிஎச் நர்ச பேச சொல்லுங்க, விருப்பப்பட்டா கேஸ் முடிஞ்ச பொண்ணுங்களையும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போஸ்டிங் போறவங்களுக்கு, தெலுங்குலயும் கன்னடத்துலயும் அழுவுற பொண்ணு சொல்றத அவ புருசன் சொந்தக்காரனே மொழிபெயர்க்க விடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க.

இப்ப அவசரத்துல இருக்கவங்க 181க்கு அடிங்க. சமூகநல அலுவலகத்துல சம்பவ அறிக்கை (வீட்ல உங்களுக்கு நடந்தத எழுதற ரிப்போர்ட்) எழுதி தர சொல்லி கேளுங்க, காசு கிடையாது. என்னிக்கு என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வெச்சுக்கங்க, தினசரி காலண்டர் தாள கிழிச்சு பின்னாடி எழுதினாலும் சரி, ஆனா அத உங்க ஊட்ல வெக்காதீங்க, போன்லயும் வெக்காதீங்க, நம்பிக்கையான ஒரு அக்காகிட்ட குடுத்து வெச்சுருங்க.