வண்டலூருக்கு ஒரு டிக்கெட்

பெருங்களத்தூருக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் முதல் ஆறு வருடம் நான் வண்டலூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். கிண்டியில் வேலை. சாயங்காலம் பஸ் ஏறி, கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் "வண்டலூர் ஒண்ணு" என்பேன். பெருங்களத்தூர் வந்ததும் சத்தமில்லாமல் இறங்கிவிடுவேன். எனக்குத் திக்குவாய். 'ப' லேசில் வராது. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், காற்று உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரில் இருப்பவர் முகம் மாறும். 'வ' பரவாயில்லை. வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஒருநாள் பெருங்களத்தூரில் படியில் கால் வைக்கும்போது ஒரு நல்ல மனிதர், கண்டக்டர்தான், பின்னாலிருந்து கூப்பிட்டார். "சார், வண்டலூர் இன்னும் வரலை. இது பெருங்களத்தூர். ஏறுங்க, ஏறுங்க." இங்கேதான் இறங்கணும் என்றால், அப்புறம் ஏன் வண்டலூர் கேட்டீங்க என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வாய் வேண்டுமே. ஏறிவிட்டேன். வண்டலூரில் அவரே விசில் அடித்து, கை காட்டி இறக்கிவிட்டார். உயிரியல் பூங்கா பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வீட்டைப் பார்த்து ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி நடந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஏறினால் மறுபடி பெருங்களத்தூர் கேட்க வேண்டும்.

இந்தக் கதையைப் போன மாதம் ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள், நானும்தான். சிரித்து முடித்த பிறகு ஒருவர் கேட்டார்: "உங்களுக்குத் திக்குவாயா? இத்தனை வருஷம் தெரியவே தெரியாதே. நீங்க அமைதியான ஆளுன்னுல்ல நினைச்சோம்."

அந்த 'அமைதியான ஆள்' பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் பேசாமல் வைத்திருந்தது.

சொந்த ஊர் சீர்காழிப் பக்கம். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். என் முறை வருவதற்குப் பத்துப் பேர் முன்னாலேயே உள்ளங்கை வேர்க்கும். என் பெயரைக் கூப்பிட்டதும் 'உ' தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கையைத் தூக்குவேன். ஒரு வாத்தியார் மட்டும், கை தூக்கினால் கணக்கில்லை, வாயைத் திற என்பார். திறப்பேன், சத்தம் வராது. 'ஆப்சென்ட்' போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே நான் வராத நாட்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கால்மணி நேரம் முன்னால், காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை எல்லாரோடும் சேர்ந்து ஒரு எழுத்து பிசகாமல் பாடியிருப்பேன்.

பாட்டுக்குத் திக்கு கிடையாது. பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே குரலில் படித்தாலும் அநேகமாக வராது. மாட்டிடமும் நாயிடமும் பேசும்போது எனக்கு வந்ததே இல்லை. இது தெரியாத சனம், "பாடும்போது வராதது பேசும்போது மட்டும் எப்படிடா வரும்? நடிக்கிறியா?" என்று கேட்கும். நானும் ரொம்ப நாள் எனக்குள்ளே அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினார். எங்களுக்குப் பக்கத்திலேயே திருக்கோலக்கா. கையால் தாளம் போட்டுப் பாடிய குழந்தை சம்பந்தருக்குச் சிவன் பொற்றாளம் கொடுத்ததாகவும், தட்டினால் ஒலிக்காத அந்தத் தாளத்துக்கு அம்மன் ஓசை கொடுத்ததாகவும் தலபுராணம். அம்மன் பெயரே ஓசைநாயகி. பேச்சு வராத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருவார்கள். எங்கள் அம்மா என்னை நடத்தியே கூட்டிப்போவார், நாக்கில் தேன் தடவுவார், வெளியே வந்ததும் "எங்கே, உன் பேரைச் சொல்லு" என்பார். என் பெயரும் 'ப'வில்தான் ஆரம்பிக்கும். வைக்கும்போது யாருக்குத் தெரியும்? திக்கும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தத் தேனின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. தேன் எனக்குப் பிடிக்காது.

பத்து வயதுக்குள் தொழில் கற்றுக்கொண்டேன். சொல் மாற்றும் தொழில். வரப்போகும் வாக்கியத்தில் எந்த வார்த்தை கழுத்தைப் பிடிக்கும் என்று மூன்று வார்த்தை முன்னாலேயே தெரிந்துவிடும். உடனே வேறொன்றைப் போட்டு நிரப்ப வேண்டும். 'பணம்' வராதா, 'ரூபாய்' போடு. 'பாட்டி' வராதா, 'அம்மாவோட அம்மா'. 'புதன்கிழமை' வராதா, 'செவ்வாய்க்கு மறுநாள்'. என்னைத் தமிழ் வாத்தியார் சொல்வளம் உள்ளவன் என்று மெச்சினார். அத்தனையும் பயத்தில் சேர்த்த சொத்து.

காபி கேட்க மாட்டேன். 'கா' மாட்டும். 'டீ'யும் சில நாள் மாட்டும்தான், ஆனால் ஒரு விரலைக் காட்டினால் டீக்கடையில் டீ வந்துவிடும். எனக்குப் பிடித்தது காபி என்பதே என் மனைவிக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மாற்ற முடியாதது பெயர்ச்சொல். சொந்தப் பெயர், ஊர்ப் பெயர், இறங்கும் நிறுத்தம். மீட்டிங்கில் "வரிசையா ஒவ்வொருத்தரும் அறிமுகப்படுத்திக்கங்க" என்பார்களே, அந்த வரிசை என்னை நோக்கி வரும்போது மற்ற யாருடைய பெயரும் என் காதில் விழுந்ததில்லை. பாதியில் போன் வந்த மாதிரி எழுந்து போயிருக்கிறேன். நாலு முறை இருக்கும்.

இப்படியே ஒளிந்து ஒளிந்து, 'அமைதியானவர்', 'அளந்து பேசுவார்', 'எதையும் யோசிச்சுத்தான் சொல்வார்' என்று எனக்கு ஒரு குணம் வந்து சேர்ந்தது. அதை எல்லாரும் பாராட்டவும் செய்தார்கள். உண்மையில் நான் வாயாடி. குளியலறையில் அரைமணி நேரம் அரசியல் பேசுபவன். ஒவ்வொரு அரட்டையிலும் என் நாக்கு நுனியில் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அது வெளியே வருவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். திக்கியதை விட எனக்கு அதுதான் நஷ்டம். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது வேறொரு ஆளை.

படித்துத் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஏதாவது ஒரு வயதில் திக்கு வரும். பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்பது தோராயக் கணக்கு. குடும்பத்தில் ஓடும். 2010-ல் டென்னிஸ் டிரேனா என்ற மரபியல் அறிஞரின் குழு, பாகிஸ்தானியக் குடும்பங்களையும் ஆராய்ந்து, இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தது. எங்கள் தாத்தாவும் 'பேச்சு குறைச்ச மனுஷன்' என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆக, பயந்ததால் வந்ததில்லை, கூச்சத்தால் வந்ததுமில்லை. திக்கு இருப்பதால்தான் பயமும் கூச்சமும். நம் ஊர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "தன்னம்பிக்கையை வளர்த்துக்கோ, தானா சரியாயிடும்" என்கிறது. கால் ஒடிந்தவனிடம் ஓடு, எலும்பு கூடிவிடும் என்பது மாதிரி.

இந்தத் தன்னம்பிக்கைக் கதைகள் மேல் எனக்குத் தனி வருத்தம் உண்டு. வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் பேசிப் பழகிய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கதையை எத்தனை பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. கடைசியில் அவர் தங்குதடையின்றிப் பேசினார், கைதட்டல், முடிந்தது. தங்கியும் தடைபட்டும் பேசிக்கொண்டே வாழ்ந்துவிட்டுப் போனவனுக்கு அதில் இடமே கிடையாது. திக்குவாய்க்காரரான இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், 1939-ல் போர் அறிவிக்கப்பட்ட அன்று வானொலியில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும். லயனல் லோக் என்பவர் வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகும் அந்தப் பேச்சில் இடைவெளிகள் இருக்கின்றன. அந்த இடைவெளிகளுக்காகவே அதை நாலைந்து தடவை கேட்டேன்.

அதே 1939-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு பரிசோதனை நடந்தது. அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் "உனக்குத் திக்கு வருது, கவனமாப் பேசு, சரியா வராதுன்னா பேசாதே" என்கிற மாதிரி மாதக்கணக்கில் சொன்னார்கள். பிள்ளைகள் வாயைத் திறக்கவே தயங்கி ஒடுங்கிப்போனார்கள். அதை நடத்திய அயோவா பல்கலைக்கழகம் 2001-ல் மன்னிப்புக் கேட்டது. எனக்கு இதைப் படித்தபோது அந்த விஞ்ஞானிகள் மேல் கூடக் கோபம் வரவில்லை. "மெதுவாப் பேசு கண்ணு, மூச்சை இழுத்து விட்டுப் பேசு" என்று எங்கள் வீட்டில் இதையே பாசமாகச் செய்தார்களே என்று தோன்றியது.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை பிறந்ததும் மனைவி, தன் பாட்டியின் பெயரான பொன்னியை வைக்கலாம் என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. காவிரிக் கரைக்காரனுக்கு அதைவிட நல்ல பெயர் எது? ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூப்பிட வேண்டுமே. "பழைய பேரு" என்றேன். "ஸ்கூல்ல அரிசின்னு கிண்டல் பண்ணுவாங்க" என்றேன். யாழினி, வெண்ணிலா என்று இடையின எழுத்தில் ஆரம்பிக்கிற பெயர்களாக ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தேன். ஒருவாரம் சண்டை. கடைசியில் ஒரு ராத்திரி உண்மையைச் சொன்னேன். அதுவரை அவள் என்னைக் கூச்ச சுபாவம் என்றுதான் நினைத்திருந்தாள். தட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாள். "உங்க வாய்க்கு வரலைன்னு பிள்ளைக்குப் பேர மாத்துவீங்களா? நீங்க எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கிட்டுக் கூப்பிடுங்க. அவ எங்க போயிடப் போறா?"

பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லச் சொன்னார்கள். குனிந்து, கிசுகிசுவென்று சொன்னேன். மூன்று முறையும் தடங்கலே இல்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. (கிசுகிசுக்கும்போது குரல் நாண் அதிர்வதில்லை, அதனால் பலருக்குத் திக்கு குறையும் என்று பிறகு படித்தேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.) நிமிர்ந்ததும் என் பெரியம்மா, "சபைக்குக் கேக்கச் சத்தமா ஒரு தரம் சொல்லுப்பா" என்றார். "பொ..." என்று உதடு ஒட்டியது. கூடம் முழுக்க அமைதி. சொல்லிவிடுவேன், இன்னும் நாலு நொடி போதும், எனக்குத் தெரியும். அதற்குள் உறவுக்காரர் ஒருவர், உதவி என்று நினைத்துத்தான், "பொன்னி! பொன்னி!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

என் மகள் பெயரைச் சபையில் முதலில் சொன்னது நான் இல்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் திக்குவாய்க்காரர்கள் கூடும் ஒரு சுயஉதவிக் குழுவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பூங்கா, வட்டமாகப் பதினோரு பேர். அந்த அறிமுக வரிசை சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் யாருடைய வார்த்தையையும் முடித்து வைக்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக மற்றவர்களின் பெயர் என் காதில் விழுந்தது. ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்குவாய்க்காரர், இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையோடு ஒப்பிட்டாராம். வெளியே தெரியும் திக்கு கொஞ்சம், நீருக்கடியில் இருக்கும் வெட்கமும் ஒளிதலும்தான் அதிகம். அங்கே கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்று எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது: வாரத்துக்கு மூன்று பேரிடம் வேண்டுமென்றே திக்க வேண்டும். வராத இடத்தில் வரவழைக்க வேண்டும். மளிகைக் கடையில் 'மிளகு'க்குத் திக்கினேன். நன்றாக வரும் வார்த்தை அது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எவ்வளவு?" என்றார். முப்பது வருடமாக நான் பயந்த பூதம் அவ்வளவுதான் பெரிசு.

எல்லாரும் அப்படி இல்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சினிமாவில் இன்னும் திக்குவாய்க்காரன் என்றால் காமெடிதான். இன்டர்வியூவில் "கம்யூனிகேஷன் ஸ்கில்" என்று ஒரு கட்டம் வைத்து அதில் சுழித்துவிடுகிறார்கள். இதெல்லாம் என் மனசு மாறினால் மாறக்கூடியவை அல்ல. இப்போது வேறொரு வசதியும் வந்திருக்கிறது: சாப்பாட்டுக்கு ஆப், காசுக்கு க்யூஆர், மெட்ரோவுக்கு வாட்ஸ்அப் டிக்கெட். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். என் இருபது வயதில் இதெல்லாம் இருந்திருந்தால் நான் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கை தூக்கினால் வருகை போட்டுவிடுங்கள். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள். நாலு நொடிதான்.

இப்போதும் திக்குகிறேன். முன்னைவிட அதிகமாகவே, ஏனென்றால் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறேன். ஆபீஸில் இப்போது 'அறுவை' என்று பெயர். நக்கல் தாமதமாக வந்தாலும் காத்திருந்து சிரிக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். "பெ... பெ..." என்று நின்றேன். கண்டக்டர் "பல்லாவரமா?" என்று மெஷினை அமுக்கப் போனார். இல்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் காசை நீட்டிக்கொண்டிருந்தவர் உச்சுக் கொட்டினார். கண்டக்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் வாயையே பார்த்தார். வந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, மீதிச் சில்லறையையும் கையில் வைத்துவிட்டு, "அடுத்து யாருப்பா?" என்று நகர்ந்தார்.