ஒரு டிஎம்சி 100 கோடி லிட்டர் அல்ல

"1 டிஎம்சி என்றால் 100 கோடி லிட்டர். மேட்டூர் அணை முழுசா நிரம்பினாலும் வெறும் 9,347 கோடி லிட்டர்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

100 கோடி என்ற எண் சரிதான், அலகுதான் மாறிவிட்டது. டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. இதை எழுதியவர் கன அடியை அப்படியே லிட்டர் ஆக்கிவிட்டார்.

ஒரு அடி 0.3048 மீட்டர். போன் கால்குலேட்டரில் 0.3048 × 0.3048 × 0.3048 என்று பெருக்கிப் பாருங்கள்: 0.0283168 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர்; ஆக ஒரு கன அடி 28.3168 லிட்டர். எனவே ஒரு டிஎம்சி சுமார் 2,832 கோடி லிட்டர். மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சி, ஏறக்குறைய 2 லட்சத்து 65 ஆயிரம் கோடி லிட்டர். பார்வர்டு சொல்வதைப் போல 28 மடங்கு!

அதே தகவலில் "10,000 கன அடி திறப்பு" என்பதை மொத்தத் தண்ணீராகக் காட்டியிருப்பதும் பிழை. அது ஒரு விநாடிக்கான அளவு. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி சேரும்.

சென்னைக் குடிநீர் வாரியத்தின் தினசரி ஏரி நிலவரமும் மில்லியன் கன அடியில்தான் வருகிறது. அதில் 1,000 என்றால் ஒரு டிஎம்சி. காவிரிப் பங்கீடு பற்றிய பேச்சு ஏற்கெனவே சூடானது, இதில் தப்புக் கணக்கு வேறு எதற்கு? இந்தத் தகவல் உங்கள் குழுவுக்கு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.