பயெட்டுக்குக் கைதட்டாமல் விட்டுவிட்டோம்

நேற்று ராத்திரி மகனோடு உட்கார்ந்து, இத்தாலியின் ரோமா கால்பந்து அணிக்காரர் டோட்டி விடைபெற்ற அந்தப் பழைய காணொளியை மறுபடி பார்த்தேன். 2017 மே 28, ஜெனோவாவோடு ஆட்டம், 54-வது நிமிடத்தில் மாற்று ஆளாக உள்ளே வருகிறார், ரோமா 3-2 என்று ஜெயிக்கிறது, அதற்கப்புறம்தான் கூட்டம் காத்திருந்ததே நடக்கிறது. மனைவி பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி நடக்கிறார், கையில் ஒரு கடிதம், குரல் உடைய உடையப் படிக்கிறார், மேலே உட்கார்ந்திருக்கிற பெரிய பெரிய ஆம்பளைகள் எல்லாம் முகத்தை மூடிக்கொண்டு தேம்புகிறார்கள். 25 பருவம் ஒரே சட்டை. மகன் திரும்பிப் பார்த்து, "நம்ம பயெட்டுக்கு ஏன்ப்பா இப்படி ஒண்ணு நடக்கல?" என்று கேட்டான். பயெட் நான் இருக்கிற ரீயூனியன் தீவில் பிறந்த கால்பந்து ஆட்டக்காரர். பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரீயூனியன் என்பது மொரிசியசுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சுத் தீவு. காரைக்காலில் இருந்து நான் இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, தெற்கே சேன் பியேர் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்த நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள்தான் என் கடைக்குப் பாதி வாடிக்கை. மலபார் என்று இங்கே சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் தமிழ் வழி வந்தவர்கள். மொழி கைவிட்டுப் போய்விட்டது, மாரியம்மனும் காவடியும் தங்கிவிட்டன. மஞ்சளும் சூடமும் வாங்க வருகிறவர்கள் என்னோடு இந்தத் தீவு மொழியான க்ரியோலில்தான் பேசுவார்கள், பேச்சில் முக்கால்வாசி கால்பந்துதான்.

திமித்ரி பயெட் இந்த ஊரில் பிறந்தவர். 1987 மார்ச் 29. அவர் எந்த வம்சம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை, சேன் பியேர் பையன், அது போதும். பன்னிரண்டு வயதில் விமானம் ஏற்றி பிரான்சுக்கு அனுப்பினார்கள், லெ ஆவ்ர் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்கு. பதினோரு மணி நேரப் பயணம், குளிர், தனிமை. சில வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். பக்கத்து ஊரான சேன் ஜோசப்பில் எக்செல்சியோர் அணிக்கு ஆடினார், அங்கிருந்து 2005-ல் நாந்த் கிளப் மறுபடி கூப்பிட்டது. ஒரு தடவை உடைந்து திரும்பி வந்த பிள்ளை இரண்டாவது தடவை கிளம்பிப் போவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று பிள்ளையை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த எந்தப் பெற்றோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பயெட்டுக்கு முன்னாடியும் இந்தத் தீவு ஆட்களைக் கொடுத்திருக்கிறது. லோரான் ரொபேர், கியோம் ஓராவ், இதே ஊர்க்காரர் சினாமா பொங்கோல். 2004-ல் ஒலிம்பியாகோசுக்கு எதிராக லிவர்பூலுக்கு முதல் கோல் போட்டவர் அவர்தான். அந்தப் பெயரில் இருக்கிற சினாமா என் காதுக்கு எப்போதும் சின்னம்மா என்றே விழும். ஆனால் பயெட் வேறு. பயெட் பிரான்சின் மார்செய் அணியில் ஆடினார், இந்தத் தீவில் மார்செய் என்றால் பாதிப் பேருக்குச் சாமி மாதிரி. அந்த அணியில் கோல் கோலாக அடித்த ழான் பியேர் பபேனே கடைசிக் காலத்தில் எங்கள் ஊர் சேன் பியெருவாஸ் கிளப்புக்கு வந்து ஆடியிருக்கிறார். அதற்கும் முன்னால் கேமரூனின் ரோஜர் மில்லா இங்கே ஆடிவிட்டுத்தான் 1990 உலகக் கோப்பைக்குப் போய், 38 வயதில் நான்கு கோல் போட்டார். பெரிய ஆட்கள் வந்து போன மைதானம் எங்களுடையது, அதனால் எங்களை லேசில் ஏமாற்ற முடியாது.

பயெட் அழுது நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை 2016 யூரோ கோப்பை, ஜூன் 10, பிரான்ஸ் ருமேனியாவோடு முதல் ஆட்டம். பாரிசில் ராத்திரி ஒன்பது என்றால் எங்களுக்குப் பதினொன்று. 1-1. நள்ளிரவு தாண்டிவிட்டது, மகனுக்கு அப்போது ஒன்பது வயது, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். 89-வது நிமிடம், பெனால்டி பெட்டிக்கு வெளியே, பயெட் இடது காலால் ஒன்று வைத்தார் பாருங்கள், பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. தெரு முழுக்கக் கத்தியது, நாய்கள் குரைத்தன, பிள்ளை பயந்து எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவரை வெளியே எடுத்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். டிவியில் அவர் அழுகிறார், மடியில் இவன் அழுகிறான், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது 2018 மே 16, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், லியோன் நகரில், அத்லெத்திகோ மத்ரீத்தோடு. கேப்டன் பயெட். மைதானத்துக்குள் நடந்து வரும்போதே கோப்பையைத் தொட்டுவிட்டார். அது ஆகாது என்று ஆட்டக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. 32-வது நிமிடம் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், கேப்டன் பட்டை கை மாறியது, மார்செய் 3-0 என்று தோற்றது. அந்தக் காயத்தோடு உலகக் கோப்பையும் போயிற்று, அவர் இல்லாமலே பிரான்ஸ் ஜெயித்தது.

மூன்றாவது 2023 ஜூலை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு அறை. ஒரு மேஜை, மைக்குகள், பக்கத்தில் கிளப் தலைவர் லோங்கோரியா. பருவம் முடிந்து மைதானம் காலியாகக் கிடக்கிற நேரம். அதில் உட்கார்ந்து 36 வயது மனுஷன் விம்மி விம்மி விடைபெற்றார். போக அவருக்கு மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. 2020-ல் கிளப் பணக் கஷ்டத்தில் இருந்தபோது சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு 2024 வரை கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே முடிந்தது. இரண்டு தடவையாகச் சேர்த்து எட்டு வருஷத்துக்கு மேல், 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், கடைசியில் எதிரே இருந்தது பத்திரிகைக்காரர்கள்தான். வெலோத்ரோம் மைதானத்தில் 67,000 பேர் உட்காரலாம். அவர்கள் அவரைக் கடைசியாக அந்தச் சட்டையில் பார்த்த அன்று அதுதான் கடைசி என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கோச் துதோருக்கு ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கிற ஆள் வேண்டும், பயெட்டால் அது முடியவில்லை, பெஞ்சில் உட்கார வைத்தார், சரி. கால் ஓய்ந்துபோனால் யாராக இருந்தாலும் உட்கார வேண்டியதுதான். நான் கேட்பது அது இல்லை. மே மாதமே தீர்மானித்து, இன்ன ஆட்டம் கடைசி ஆட்டம் என்று ஒரு வாரம் முன்னால் சொல்லி, பத்து நிமிடம் உள்ளே விட்டிருந்தால் போதும். நாங்களும் இங்கே டிவி முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து கைதட்டியிருப்போம். அவருக்குக் கேட்காது. தெரியும். பரவாயில்லை.

இதைக் கடையில் சொன்னபோது ஒரு வாடிக்கையாளர், லண்டனில் கொஞ்ச நாள் இருந்தவர், மடக்கினார். "வெஸ்ட் ஹாம்காரனுக்கு அவர் மட்டும் சொல்லிட்டா வந்தார்?" என்றார். நியாயமான கேள்வி. வெஸ்ட் ஹாம் என்பது பயெட் நடுவில் ஆடிய லண்டன் கிளப். 2015-16-ல் அந்த கிளப்பின் பழைய மைதானத்தில் கடைசிப் பருவம், பயெட்டின் ஃப்ரீகிக்குகளைப் பார்த்து அந்த ஜனம் அவர் பெயரில் பாட்டுக் கட்டிப் பாடியது. அடுத்த பருவத்தின் நடுவிலேயே, 2017 ஜனவரியில், இனி இங்கே ஆட மாட்டேன் என்று நின்று, மார்செய்க்குத் திரும்பிவிட்டார். அவர்கள் கோபத்தில் அவர் சட்டையை என்னென்னவோ செய்தார்கள். அது தப்புதான், நான் மறைக்கவில்லை, அப்போதே மகனிடம் தப்பு என்று சொன்னேன். "அப்ப வினை விதைச்சவன் வினை அறுத்தான்" என்றார் அவர்.

இங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. வெஸ்ட் ஹாமில் வயிறு எரிந்தது யாருக்கு? பாட்டுப் பாடிய ஜனத்துக்கு. மார்செயில் எரிந்தது யாருக்கு? அங்கேயும் அதே மாதிரி ஜனத்துக்குத்தான். ஆட்டக்காரன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். பயெட்டும் போனார், பிரேசிலில் வாஸ்கோ ட காமா அணி, ரியோ விமான நிலையத்தில் பெருங்கூட்டம் வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனது. இருந்த இடத்திலேயே நிற்கிறவர்கள் பார்த்தவர்கள்தான். அவர்கள் எழுந்து நின்று ஒரு தடவை கைதட்டிவிட்டால் மனசு ஆறும். அந்த உரிமையைப் பறிக்க ஆட்டக்காரனுக்கும் பாத்தியதை இல்லை, கிளப்புக்கும் இல்லை. அவருடைய மார்செய் வருஷங்களில் ஒரு கோப்பைகூட வரவில்லை. ஒன்றுகூட இல்லை. அப்படியும் அவரை அந்த ஊர் மறக்காமல் வைத்திருக்கிறதென்றால், 2022 ஏப்ரலில் பாவோக் அணிக்கு எதிராக, பந்து தரையைத் தொடும் முன்னால் வெளியிலிருந்து அடித்தாரே, வருஷத்தின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதுக்குக் கடைசி மூன்றில் வந்த கோல், அந்த மாதிரி ராத்திரிகளுக்காகத்தான். அதற்குக் கணக்குத் தீர்க்க ஜனத்திடம் கைதட்டலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அது எவ்வளவு சுலபம் என்று எங்கள் பேட்டையிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், எல்லோருக்கும் தொந்தோன், அதாவது மாமா. மலபார்க்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தவர், என் மகனுக்கும் அவர்தான் குரு. அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை தேறும், அதில் பாதி சாமி பெயர். அந்த ஜூலை மாதம் பயெட்டின் பேச்சைக் கடை டிவியில் என்னோடு பார்த்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே எழுந்து போனார். அடுத்த வருஷம் முட்டி முடியாமல், மகள் வீட்டோடு இருக்க பிரான்சில் இருக்கிற துலூஸ் கிளம்ப வேண்டி வந்தது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வந்தபோது மைதானத்தில் இருநூறு பேர். பத்து வயதுப் பொடிசுகளிலிருந்து தொப்பை விழுந்த நாற்பது வயது ஆட்கள் வரை, எல்லாம் அவர் கையில் வளர்ந்தவர்கள். ஒருத்தன் சேன் தெனியிலிருந்து விடியற்காலையில் வண்டியோட்டி வந்திருந்தான். பெண்கள் தட்டுத் தட்டாகப் பொம்போன் பிமான் கொண்டுவந்தார்கள், வேறென்ன, இந்த ஊர்ப் பருப்பில் செய்த நம்ம ஆமவடைதான். இரண்டு வரிசையாக நின்று நடுவில் அவரை நடக்கவிட்டார்கள். யாரும் பேசவில்லை, மேடை இல்லை, மைக் இல்லை. கைதட்டல் மட்டும், அவர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரும்வரை நிற்காத கைதட்டல். தொந்தோன் விசிலை வாயில் வைத்தார், ஊத வரவில்லை. இரண்டாவது முறைதான் சத்தம் வந்தது. பிள்ளைகள் பழக்கத்தில் உடனே ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். வழியில், கிளம்பும்போது உங்க பாட்டன்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். போகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது, போய்ட்டு வரேன் என்று சொல்லணும் என்றேன். நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார், நாக்கு பிடிபடவில்லை. சோதனைக்குப் போகிற வரிசையில் திரும்பி நின்று, கூட வந்த பிள்ளைகளைப் பார்த்துக் கையை உயர்த்தி, "வரேன்" என்று மட்டும் சொன்னார். விசில் இப்போது பெரிய பையன்களில் ஒருத்தனிடம் இருக்கிறது, சனிக்கிழமை எட்டு மணிக்கு ஊதுகிறான், சத்தம் கடை வரைக்கும் கேட்கும்.