ஐயாயிரம் என்பது தலைக்கணக்கு அல்ல

முகலாய அதிகாரிகளின் எண் பட்டங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில், 'பஞ்ச் ஹஸாரி (ஐயாயிரம்) என்றால் 5,000 குதிரைவீரர்களின் தளபதி' என்று இருப்பதை அப்படியே ஏற்க முடியாது. அந்த எண் 'ஜாத்'. முகலாய தர்பாரில் ஒருவருடைய வரிசை என்ன, சொந்தச் சம்பளம் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லும். படைக்கணக்கு 'சவார்' என்ற இரண்டாவது எண்ணில் இருக்கிறது. 5,000/2,000 (ஜாத்/சவார்) என்றால், சவார் ஜாத்தில் பாதிகூட இல்லாததால், ஐயாயிரக்காரர்களிலேயே அவர் மூன்றாம் தரம். அந்த 2,000 பேராவது வருவார்களா என்றால் அதுவும் இல்லை. ஷாஜஹான் கால விதிப்படி, ஜாகிர் (சம்பளத்துக்காக வரி வசூலிக்கத் தரப்பட்ட நிலப்பகுதி) உள்ள மாகாணத்திலேயே பணி என்றால் சவாரில் மூன்றில் ஒரு பங்கு, வெளியே என்றால் நான்கில் ஒன்று, பல்க் (இன்றைய வட ஆப்கானிஸ்தான்) படையெடுப்புக்கு ஐந்தில் ஒன்று. ஐயாயிரம் என்று பட்டம் கொண்டவர் அங்கே கூட்டிப்போக வேண்டியது 400 பேர்! ஜாகிரின் ஏட்டு வருமானத்துக்கும் கைக்கு வந்த வசூலுக்கும் இருந்த இடைவெளிதான் இதற்கு முக்கியக் காரணம். அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் ஏமாற்று நடந்தது. இரவல் குதிரையைக் கொண்டுவந்து காட்டிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் அக்பர் காலத்திலேயே குதிரைக்குச் சூடுபோட்டார்கள் (தாக்), வீரனின் அங்க அடையாளங்களை எழுதிவைத்தார்கள் (செஹ்ரா). கட்டுரையின் கீழே ஒரு வாசகர் 'தோ அஸ்பா சிஹ் அஸ்பா' (இரு குதிரை, மூன்று குதிரை) என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். ஜஹாங்கீர் காலத்தில் வந்த சலுகை அது: சவாரில் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் படைப்பொறுப்பும் அதற்கான பணமும் இரட்டிப்பாகும், ஜாத் அப்படியே இருக்கும். சாதாரண சவார் ஒன்றுக்கு ஆண்டுக்கு 8,000 தாம் (செப்புக் காசு), அதாவது 200 ரூபாய்; இந்தப் பகுதிக்கு 16,000 தாம்.